நின்ற இடத்தில் நடந்தவர்

சித்தீக்குக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து ஷம்சாத்துக்கு ஒரே பிடிவாதம். மனுஷன் தினமும் நடந்தாக வேண்டும். அவருடைய அத்தாவிடம், பெற்ற தகப்பனிடம், முதலில் கால் விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து, கடைசியில் ஆளையே எடுத்துக்கொண்டு போன வியாதி அது. ஆனால் கீழ்வேளூரில் இருக்கிற பெண்டாட்டி, சவூதியில் டிரெய்லர் லாரி ஓட்டுகிற புருஷனை எப்படி நடக்க வைப்பாள்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவா முடியும்? போனில் நச்சரித்தாள். நச்சரிப்பதில் அவள் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது.

கஜா புயல் அடித்த வருஷம்தான் சித்தீக் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். புயலில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பெண்டாட்டியும் மகளும் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் மனுஷன் பாலைவனத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு பைத்தியமாகத் திரிந்திருக்கிறார். அடுத்த லீவுக்கு வந்தபோது முதல் வேலையாக ஷம்சாத்தின் போனை வாங்கி, கம்பெனி ஆப்பைப் போட்டு, தன் நம்பரையும் பாஸ்வேர்டையும் அடித்துக் கொடுத்தார். கம்பெனி வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அது ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிரைவரும் தன் வண்டியைப் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

"இனிமே நீ என்னைப் பாத்துக்கலாம் புள்ள. என்னாலதான் உன்னைப் பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஆப்பைத் திறந்தால் ஒரு வரைபடம், அதன் நடுவில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி வண்டி. ஆனால் ஷம்சாத் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "அத்தா தமாமை விட்டுக் கெளம்பிட்டாங்கடி", "அத்தா பங்க்ல டீசல் போடுறாங்க" என்றுதான் தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருக்கிற மகள் ஷிஃபாவிடம் சொல்வாள். பார்த்துப் பார்த்து அந்த நீலப் புள்ளியே அவளுக்குப் புருஷனாகிவிட்டது. சிரிக்காதீர்கள். வீட்டில் மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மகள் ஹாஸ்டலில், சமைத்தால் அரை ஆழாக்குச் சோறு மிஞ்சிவிடுகிறது. அப்படி ஒரு வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

சித்தீக் சரக்கு இறக்குகிற ஊருக்குள் பகலில் பெரிய வண்டிகள் நுழையத் தடை. ஊருக்கு வெளியே பெரிய மேம்பாலம், அதன் ஓரத்தில் ஒரு பொட்டல். டிரெய்லர்களெல்லாம் அங்கே வரிசையாக நின்று, தடை எடுக்கும்வரை காத்துக்கிடக்கும். இங்கே அசர் தொழுகை முடிந்து வெயில் தாழ்கிற நேரம் அங்கே மதியம். ஒருநாள் அந்த நேரத்தில் ஷம்சாத் சும்மா போனைப் பார்த்தாள். புள்ளி அசைந்துகொண்டிருந்தது. மெதுவாகக் கிழக்கே போனது, நின்றது, தெற்கே திரும்பியது, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது.

உடனே போன் போட்டாள்.

"மச்சான், எறங்கி நடக்கிறீங்களா?"

அந்தப் பக்கம் கொட்டாவி மாதிரி என்னவோ கேட்டது. "ஆங்… ஆமா புள்ள. நடக்கிறேன்."

"வெயில் இல்லையா?"

"பாலத்து நிழல்லதான். நீதானே நட நடன்னு உயிர எடுத்தே?"

ஷம்சாத் போனிலேயே அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் சொல்லி அந்த மனுஷன் கேட்ட முதல் காரியம் அது.

மறுநாள் தொழுதுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். அவர் அங்கே ஒண்டியாக நடக்கிறாரே, நாமும் கூட நடந்தால் என்ன என்று ஒரு ஆசை. கையில் போன். புள்ளி கிழக்கே போனால் இவளும் கிழக்கே போவாள். தெற்கே திரும்பினால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்புவாள். அவர் நின்றால் இவளும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வயலைப் பார்ப்பாள். அப்படியே பழகிப்போய் வருஷங்கள் ஓடின. மேட்டூர்த் தண்ணீர் வந்தது, வராமலும் போனது. குறுவை நட்டார்கள், சம்பா அறுத்தார்கள், அறுப்பு மெஷின் வந்து வயலில் உறுமிவிட்டுப் போனது. ஷம்சாத் மாடியில் புருஷனோடு நடந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு விண்ணரசி டீச்சர் ரிட்டயர் ஆனவர், வாய் சும்மா இருக்காது. துணி எடுக்க மாடிக்கு வந்தவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏன் ஷம்சாத், எலி பிடிக்கிறவ மாதிரி அங்கயும் இங்கயும் ஓடுறே?"

"அவங்ககூட வாக்கிங் போறேன் டீச்சர்."

"அது சரி! எங்க வீட்டுக்காரரு உசுரோட பக்கத்துல இருந்தப்பகூட என்கூட வாக்கிங் வந்ததில்ல. நீ கடல்தாண்டிக் கூட்டிட்டுப் போறே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில நாள் புள்ளி ஒரே தாவாகத் தாவும். ரோட்டைத் தாண்டி எதிர்ப்புறக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் தடவை அப்படித் தாவியபோது ஷம்சாத் உடனே போன் போட்டாள்.

"ரோட்டப் பாத்துக் கடக்கக் கூடாதா மச்சான்? அவ்வளவு லாரி போகுது! அந்தக் கட்டடத்துல என்ன வேலை உங்களுக்கு?"

சித்தீக் கொஞ்சம் யோசித்தார். "டீ குடிக்க வந்தேன் புள்ள. பெஷாவர்க்காரன் ஒருத்தன் கடை போட்டிருக்கான்."

"சீனி போடாமத்தானே?"

"சீனி போடாமத்தான்."

அன்றைக்கு அவர்கள் பேச்சுக்குள் நுழைந்த பெஷாவர்க்காரன் அப்புறம் வெளியே போகவே இல்லை. அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு நிக்காஹ் தள்ளிக்கொண்டே போகிறது. அவன் கடை வாசலில் காது கிழிந்த பூனை ஒன்று. சித்தீக் நடந்தால் அதுவும் பின்னாலேயே வருமாம். தினம் ஒரு சேதி இருக்கும். முன்பெல்லாம் "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டியா, வைக்கவா" என்பதோடு முடிந்துபோகிற பேச்சு, இப்போது பொழுது சாய்ந்து மகரிப் பாங்கு சொல்லும்வரை நீண்டது. பெஷாவர்க்காரன் மகளுக்காக ஷம்சாத் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டாள். போன வருஷம் ஒருநாள், "கல்யாணம் முடிஞ்சுடுச்சாம் புள்ள, மாப்பிள்ளை போலீஸாம்" என்றார் சித்தீக். ஷம்சாத் சேமியா பாயசம் வைத்து டீச்சர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டாள். யாருக்குக் கல்யாணம் என்று டீச்சர் கேட்டதற்கு, "நமக்கு வேண்டியவங்க" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் புள்ளி நின்றது.

வேளாங்கண்ணித் திருவிழாச் சமயம். காவி உடுத்திக்கொண்டு, மாதா சிலை வைத்த சின்னத் தேர்களை இழுத்துக்கொண்டு ஜனங்கள் ரோடு முழுக்க நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஷம்சாத் வழக்கம்போல மாடி ஏறிப் போனைத் திறந்தாள். புள்ளி பாலத்தடியில் இருந்தது. சரி, இன்னும் இறங்கவில்லை என்று நின்றாள். காத்திருந்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள், ஆப்பை மூடித் திறந்தாள். ஒரு மயிரிழை அசையவில்லை. எத்தனையோ வருஷத்தில் அந்தப் புள்ளி இப்படி உயிரில்லாமல் கிடந்து அவள் பார்த்ததே இல்லை.

போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டாரா? வண்டிக்குள்ளேயே, ஒருத்தருக்கும் தெரியாமல், யா அல்லா! அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிற நாகூர் ஜெகபர் அலிக்குப் போன் செய்தாள். அவரும் நல்லவேளை அதே பொட்டலில்தான் நின்றார். ஓடிப்போய் சித்தீக்கின் வண்டிக் கதவை டமடமவென்று தட்டினார். நாலு நாட்டு டிரைவர்களும் கூடிவிட்டார்கள். கதவு திறந்தது. கைலியும் பனியனுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சித்தீக் எட்டிப் பார்த்தார்.

"தூங்கிட்டிருந்தேன்டி! மானத்த வாங்கிட்டியே! ஊரே சிரிக்குது!" என்று போனில் கத்தினார்.

"இன்னைக்கு நடக்கலையா?"

"அசதியா இருந்துச்சு, படுத்துட்டேன். அதுக்கு இப்படியா?"

சரி, ஒருநாள் அசதி. மறுநாளும் புள்ளி நின்றது. அதற்கு மறுநாளும். ஷம்சாத் போன் செய்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "இன்னைக்கு நடந்தீங்களா?" என்று கேட்டாள்.

"நடந்தேனே! பெஷாவர்க்காரன்கூட உன்னை விசாரிச்சான். உங்க வீட்ல அன்னைக்கு ஏன் அவ்வளவு பதறினாங்கன்னு."

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். நீலப் புள்ளி பாலத்தடியில் அப்படியே இருந்தது. மத்தியானத்திலிருந்து அங்கேதான் இருந்தது. ஒன்று, போன் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மனுஷன் பொய் சொல்ல வேண்டும். போன்தான் கெட்டிருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

டீச்சர் மகன் கிளாட்சன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தான். பெங்களூரில் வேலை. வண்டிகளுக்கு வழி காட்டுகிற மாதிரி என்னவோ வேலை என்பதுவரைதான் ஷம்சாத்துக்குத் தெரியும். அவன் போனை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"போன்ல ஒரு கோளாறும் இல்ல ஆன்ட்டி. அங்கிள் கம்பெனி வண்டில புதுப் பெட்டி மாத்திருக்கான். செம துல்லியம் பாருங்க! நான் பாக்குற வேலையே இதான்."

"புதுசுன்னா நல்லா நகரணும்ல தம்பி? இது அசையவே மாட்டேங்குதே."

"நின்ன வண்டி ஏன் ஆன்ட்டி நகரும்? பழசுலதான் அந்தக் கோளாறு. சேட்டிலைட் சிக்னல் மேலேர்ந்து வர்றப்பவே கொஞ்சம் தடுமாறும். பாலம், பெரிய கட்டடம் பக்கத்துல நின்னா அதுல மோதிச் சுத்திவேற வரும். வண்டி நின்ன எடத்துலயே நிக்கும், மேப்ல மட்டும் பத்தடி அங்க, இருவதடி இங்கன்னு ஓடும். சில நேரம் ரோட்டையே தாண்டிரும்."

ஷம்சாத் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் அதையெல்லாம் எங்கே பார்த்தான்? அவனுக்குப் பிடித்த விஷயம் கிடைத்துவிட்டது.

"இப்ப என்ன பண்றோம்னா, நெலத்துல எல்லைக்கல் நடுறாங்கல்ல, அது மாதிரி ஊரூருக்கு ஒரு ரிசீவர நட்டு வச்சிருக்கோம். அது இருக்குற எடம் சுத்தமாத் தெரியும், நகரவே நகராது. சேட்டிலைட் அதப் பாத்தே ‘நீ ஆறடி தள்ளி இருக்கே’ன்னு சொன்னா, இந்நேரம் எவ்வளவு பொய் சொல்லுதுன்னு புடிச்சிரலாம். ‘இவ்வளவு பொய், கழிச்சுக்கங்க’ன்னு அந்தப் பக்கம் ஓடுற வண்டிக்கெல்லாம் உடனே சேதி போயிரும். பத்தாததுக்குச் சக்கரத்துல ஒரு சென்சார். சக்கரம் சுத்தலையா, வண்டி நிக்குது, அவ்வளவுதான். சேட்டிலைட் என்ன சொன்னாலும் கேக்காது. முன்னாடி எந்த ரோடுன்னுதான் தெரியும், இப்ப எந்த லேன்னே தெரியும். ஒரு வண்டி பிரேக் போட்டா பின்னாடி வர்ற வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிரலாம். எத்தனை உசுரு மிஞ்சும் தெரியுமா ஆன்ட்டி?"

"அப்ப முன்னாடி புள்ளி நடந்ததெல்லாம்?"

"எரர் ஆன்ட்டி."

"உங்க அங்கிள் எறங்கி நடந்தா…"

"நடந்தாலும் தெரியாதே. பெட்டி வண்டிலல்ல இருக்கு?"

டீச்சர் ஷம்சாத்தின் முகத்தைப் பார்த்தார். மகன் முதுகில் ஒன்று வைத்தார். "எதக் கேட்டாலும் பாடம் எடுக்காத. போயி அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

பெட்டி வண்டியில் இருக்கிறது என்பதுகூடவா அவளுக்குத் தெரியாது என்று கேட்பீர்கள். தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள்தான். ஆனால் முதல் நாளே அவள் கேட்டாளே! நடக்கிறீங்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்று பதில் வந்ததே! சொன்னது சேட்டிலைட்டா? தாலி, கருகமணி கட்டிய புருஷன். அதற்குமேல் எவள் விசாரணை வைப்பாள்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள்.

"மச்சான், நீங்க ஒருநாளாவது நடந்தீங்களா?"

அவர் என்ன ஏதென்று கேட்கவில்லை. ஜெகபர் அலி வந்து கதவைத் தட்டிய அன்றைக்கே, இது ஒருநாள் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இந்த வெயில்ல எவன் புள்ள நடப்பான்? ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து, ஏசியப் போட்டுப் படுப்பேன்."

"பெஷாவர்க்காரன்?"

"நீ சாப்பிட்டியா புள்ள?"

"அவன் மகளுக்கு நான் பாயசம் வச்சேன் மச்சான்."

"தெரியும் புள்ள."

"பூனை?"

"பூனை இருக்கு. அல்லாமேல ஆணையா இருக்கு. சீட்ல ஒக்காந்தபடியே பாப்பேன்."

பூனையாவது இருக்கிறதே என்று ஒரு நொடி அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதல் வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. நாயே பேயே என்று திட்டத் தோன்றியது. திட்டவில்லை.

அவரே சொன்னார். "மொத நாளு தூக்கக் கலக்கத்துல ஆமான்னுட்டேன். நீ அழுதுட்டே. அப்புறம் எப்புடி இல்லங்கிறது? அப்புறம் நீ தெனம் கூப்புட்டு, எங்க போனீங்க, யாரப் பாத்தீங்கன்னு கேப்பே. என்கிட்ட சொல்ல என்ன இருக்கு, சொல்லு? ரோடு, பாலம், மறுபடி ரோடு. அதச் சொன்னா நீ ரெண்டு நிமிஷத்துல வச்சுருவே. நீ வைக்கக் கூடாதுன்னுதான்…"

"சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

"மாத்திரை போடுறேன்."

"அதக் கேக்கல. கால் எப்படி இருக்கு?"

வண்டி ஏசியை அவர் குறைக்கிற சத்தம் கேட்டது. "எடது கால்ல விரல் மரத்துக் கெடக்கு. ரெண்டு மாசமா."

ஷம்சாத் போனை வைத்துவிட்டாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவருடைய அத்தாவுக்கும் இடது கால்தான், விரலில்தான் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அவள் மாடியில் நடந்த நடையெல்லாம் ஒருத்திக்கு மட்டுமான நடை. பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. அதை நினைத்தபோது, புயலில் பின்கட்டு ஓடு பறந்த ராத்திரியில்கூட இல்லாத ஒரு தனிமை வந்து சேர்ந்தது. அவள் நடக்கையில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் மாடிக்குப் போகக் கூடாது என்று கொடித்துணியைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மழை இருட்டியது. துணி நனையுமே என்றுதான் ஏறினாள், போனைப் பார்க்க இல்லை. சரி, பார்த்தாள்.

புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

பழைய மாதிரி தள்ளாட்டம் இல்லை. பொட்டலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. நின்றது. அழகாக அரைவட்டம் அடித்துத் திரும்பியது. அதே நேர்கோட்டில் வந்தது. மறுபடி போனது.

போன் போட்டாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் சித்தீக்கின் குரல் கேட்டது.

"என்ன பண்றீங்க மச்சான்?"

"நடக்கிறேன் புள்ள." சிரிக்கப் பார்த்தார். "மாடியிலதானே இருக்கே? நட. நான் கூட வர்றேன்."

"வண்டிய எடுத்து அங்கயும் இங்கயும் ஓட்டுறீங்களா? ஆபீஸ்ல தெரியாதா?"

"தெரியும். கேட்டா பிரேக் பாத்தேன்னு சொல்லிக்கிறேன். இன்னைக்கு ஒருநாள்தான். நட புள்ள, கிழக்க திரும்பிட்டேன் பாரு."

அவள் கால் தானாக இரண்டடி கிழக்கே வைத்துவிட்டது. அந்த இரண்டடிதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"வண்டி நடந்தா உங்களுக்குச் சர்க்கரை எறங்குமா மச்சான்?"

இன்ஜின் நின்றது. புள்ளி பொட்டலின் நடுவில் நின்றது. பிறகு சித்தீக், அவள் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், "வந்துடவா புள்ள?" என்றார்.

"எங்க?"

"ஊருக்குத்தான். மொத்தமா வந்துடவா?"

ஒவ்வொரு லீவு முடிந்து போகும்போதும் ஷம்சாத்தான் கேட்பாள், எப்ப வருவீங்க மொத்தமா என்று. அடுத்த வருஷம் என்பார், இன்ஷா அல்லா என்பார். அவராக வாயைத் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. "வாங்க" என்று ஒரு சொல். அதைச் சொல்வதற்காகத்தான் இத்தனை வருஷம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். சொல்ல வாயும் எடுத்தாள்.

ஒரு மூச்சு தாமதித்துவிட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. அந்த மூச்சுக்குள் ஷிஃபாவின் காலேஜ் வந்தது, கட்டிப் பாதியில் நிற்கிற மாடியறை வந்தது. அது மட்டுமா? மத்தியானம் முழுக்க வீட்டுக் கூடத்தில் கைலியோடு உட்கார்ந்திருக்கிற ஒரு சித்தீக் வந்தார். அந்த ஆளிடம் என்ன பேசுவது? அவளோடு இத்தனை காலம் பேசியவர் டீக்கடைக்குப் போய் வந்தவர். பெஷாவர்க்காரனும் இல்லாமல், அவன் மகள் கல்யாணமும் இல்லாமல், வெறும் இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்தால் ரெண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிட்டால்? பயம்தான். வெட்கப்படுவானேன், பயந்துவிட்டாள்.

"சரி சரி, சும்மாதான் கேட்டேன்" என்றார் சித்தீக். குரல் பழையபடி பெரிதாகிவிட்டது. "தடை எடுத்துட்டானுங்க, வண்டிய விடுறானுங்க. வைக்கிறேன் புள்ள. சாப்புடு."

"வாங்க மச்சான்" என்றாள் ஷம்சாத். "வந்துடுங்க."

போன் எப்போதோ நின்றுபோயிருந்தது.

திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். ரோட்டில் ஓட்டும்போது போனைத் தொட்டால் பெரிய அபராதம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று பொத்தானை அமுக்கினாள். "மச்சான்" என்றாள். விரல் நழுவிவிட, அந்த ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

மழை பெருந்துளியாக விழ ஆரம்பித்தது. நாளைக்கு இதே நேரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தன்னைத் தனக்குத் தெரியாதா? நாளைக்கு அவள் நிதானமாகியிருப்பாள். "ஷிஃபா படிப்பு முடியட்டும் மச்சான், அங்கயே நல்ல டாக்டராப் பாருங்க, அவசரப்படாதீங்க" என்று பொறுப்பான பெண்டாட்டியாகப் பேசுவாள். அவரும் சரி என்பார். சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும். புத்தி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி அடித்தாள். துணியெல்லாம் கொடியில் நனைந்துகொண்டிருந்தது. முந்தானையால் போனை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தாள். சித்தீக் பாலத்தைத் தாண்டி நடு லேனில் போய்க்கொண்டிருந்தார். பிறகு இண்டிகேட்டர் போட்டிருப்பார், வலது லேனுக்கு ஒதுங்கினார். சிக்னலில் முன்னால் இரண்டு வண்டி இடம் விட்டு நின்றார். அவள் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிக்னல் விழுந்திருக்கும், புள்ளி ஊருக்குள் திரும்பியது.